பதினோரு மணி வியர்வை

அத்தியாயம் 6

ரேடியோவின் சட்டைப்பையில் கடுகளவு எடைகூட இல்லாத ஒரு பொருள் கிடந்தது. அதுதான் அவனைக் கருங்கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

பாதி கேப்ஸ்யூல். மருந்து கொட்டப்பட்ட வெறும் கூடு, பச்சை நிறம். அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கிடந்ததை இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் நகத்தால் நெம்பி எடுத்தான். எடுத்த கையோடு "மேடம், இங்க வாங்க" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். உதவியாளனாக இருப்பதே அதற்குத்தான். அவன் கூப்பிடவில்லை. கூட்டைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கைக்குட்டையைத் திணித்துக்கொண்டான்.

ஏனென்றால் அந்தச் சமையலறை அவன் கூடப்பிறந்த அக்காவுடையது.

"என்ன, சத்தத்தையே காணோம்? பேட்டரி தீர்ந்துபோச்சா?" முன்னறையிலிருந்து டிக்கெட்டம்மாவின் குரல் வந்தது.

"தண்ணி குடிச்சிட்டிருக்கேன் மேடம்."

"குடத்தோடவா?"

மற்ற நாளாக இருந்தால் இதற்கு அவன் மூன்று பதில் சொல்லியிருப்பான். அணைக்கும் பொத்தான் இல்லாத ஆள் என்றுதான் ஊர் அவனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது. நாற்பத்திரண்டு வயதுக்கு அவன் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

டிக்கெட்டம்மா முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். ஒரு பெட்டிக்குள் நுழைந்தால் எழுபது முகங்களில் டிக்கெட் வாங்காத முகம் எதுவென்று வாசலிலேயே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் காய்கறியா பார்ப்பது என்று ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தார். எத்தனையோ வழக்கு வந்திருக்கிறது. ஆனால் நேற்று வந்த வழக்குக்கு ரேடியோதான் கதவைத் திறந்துவிட்டான். வாசலில் நின்றது அவன் அத்தான்.

கோபுர கிரேன் ஓட்டுகிறவர் அத்தான். பதினாறு மாடி உயரத்தில், கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு கேபினில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு டன் கம்பியைப் பூ வைப்பது போல வைக்கிறவர். அந்தக் கை நேற்று நாற்காலியின் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னை யாரோ கொஞ்சம் கொஞ்சமா கொல்றாங்க மேடம்."

"யாரோன்னா?"

அவர் ரேடியோவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இவன் அக்காதான்."

டிக்கெட்டம்மா ஐஸ் போட்ட தண்ணீர் ஒரு டம்ளர் நீட்டினார். அத்தான் அதை மடக் மடக்கென்று குடித்து, அடியில் கிடந்த ஐஸையும் கடித்து மென்றுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆறு வாரமாக நடக்கிறது. வேலை நாளில், பதினோரு மணி வாக்கில் குப்பென்று வியர்க்கும். கை உதறும். நெஞ்சு படபடக்கும். கண்ணுக்கு எதிரே இருப்பது இரண்டாகத் தெரியும். எதற்கென்று தெரியாமல் கோபம் வரும். மத்தியானம் கீழே இறங்கிக் கடையில் எதையாவது சாப்பிட்டால் போய்விடும். லீவு நாளில் வருவதே இல்லை.

"லீவு நாள்ல அவளும் நானும் ஒரே பாத்திரத்துல சாப்பிடறோம். வேலை நாள்ல மட்டும் காலை டிபனுக்கு எனக்குத் தனி டப்பா. புரியுதா மேடம்? டப்பாவுலதான் ஏதோ இருக்கு. மூணு வாரமா நான் அதைத் தொடறதே இல்ல. கேட்டுல நிக்கற நாய்க்குப் போட்டுடறேன்."

"நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டான் ரேடியோ.

"குண்டாயிடுச்சு."

"அப்ப வியர்வை நின்னுபோச்சா?" என்றார் டிக்கெட்டம்மா.

"இல்ல மேடம். இன்னும் மோசம். விஷம் உடம்புல ஊறிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"வீட்டுல வேற எதுவுமே வாயில வைக்கறதில்லையா?"

"காலைல டீ மட்டும் குடிப்பேன். அது பயமில்ல. ஒரே கெட்டில்லருந்து ஊத்தி அவளும் என் எதிர்லயே குடிப்பா."

மறுநாள் மேலே ஏற மாட்டேன், வீட்டிலேயே இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார். போகும்போது மச்சினனின் தோளைத் தொட்டு, "தப்பா நினைச்சுக்காதடா, நானும் அவளை இருபத்தாறு வருஷமா பார்க்கறவன்தான். அதனாலதான் எனக்குத் தூக்கமே வரல" என்றார்.

தூக்கம் அதற்கப்புறம் ரேடியோவுக்கும் வரவில்லை.

*

இன்றைக்குக் காலை ஒன்பதரைக்கு இருவரும் அக்கா வீட்டுப் படியேறியபோது அத்தான் இல்லை. "மாத்து ஆள் வரலையாம். போன் வந்துச்சு, ஓடிட்டாரு" என்றாள் அக்கா. வாக்கு அந்தரத்தில் போயிற்று. டிக்கெட்டம்மா முகத்தில் காட்டிக்கொள்ளாமல், கையோடு கொண்டுவந்திருந்த பழைய யூனிபார்ம் கோட்டை நீட்டினார். "இதைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தரணும்மா. ரயிலை விட்டதும் உடம்பு என்னை விடல."

அக்கா துணி மாற்றித் தைத்துக் கொடுக்கிறவள். முன்னறை முழுக்க அவள் தொழில்தான்: சன்னலோரம் தையல் மெஷின், கம்பியில் வரிசையாக மற்றவர்களின் பேன்ட், ஊசி குத்திய மெத்தை, சுண்ணாம்புக் கட்டி. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து இறக்கிக்கொண்டே பேசினாள். வாயில் இரண்டு குண்டூசி.

ரேடியோ தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனது அப்போதுதான். திரும்பி வந்தபோது டிக்கெட்டம்மா கையை விரித்துக்கொண்டு நின்றார், அக்கா தோளை அளந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுக்காரர் துணியும் நீங்கதானே தைக்கறது?"

"ஆமாங்க. இந்த வருஷம் அவரு பேன்ட்டை ரெண்டு தடவை பிடிச்சுட்டேன். இடுப்பு ரெண்டு இஞ்சு இறங்கிடுச்சு. சாப்பிடறதெல்லாம் எங்க போகுதோ."

நாய்க்குப் போகிறது என்று ரேடியோவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"ரெண்டு தடவையும் இப்பதானா?"

"முதல் தடவை ஏழெட்டு மாசம் ஆச்சு. அவரோட கூட்டாளி போனாரே, அதுக்கப்புறம்." அக்காவின் கை நாடாவில் நின்றது. "கீழ நின்னு சைகை காட்டறவரு. பத்தொம்பது வருஷம் ஜோடியா வேலை பார்த்தாங்க. ஒருநாள் கொக்கி கழண்டு பாரம் அவர் மேலயே விழுந்துடுச்சு. இவரு மேல தப்பில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. இவருக்கு மட்டும் அது காதுல ஏறல. அன்னையிலருந்து சரியாத் தூங்கறதில்ல. சுவத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாரு. டீயில சர்க்கரையைக்கூட நிறுத்திட்டாருன்னா பாருங்களேன்."

"ஏனாம்?"

"பல் கூசுதாம்."

டிக்கெட்டம்மாவின் கண் ஒரு கணம் ரேடியோ பக்கம் வந்து போனது. ரேடியோ சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இந்த ஃப்ரிட்ஜ் மேல ரெண்டு பேட்டரி இருக்கே, ரேடியோவுக்கா?" என்றார் டிக்கெட்டம்மா. "எங்க ஆளுக்குத் தேவைப்படுது."

அக்கா சிரித்தாள். "அவரு டார்ச்சோடது. டார்ச் இல்லாம வேலைக்கே போகமாட்டாரு."

"பகல் வேலைக்கா?"

"ராசின்னு வெச்சுக்கங்க. நான் கேட்டா எரிஞ்சு விழறாரு."

டிக்கெட்டம்மா கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். கும்பிட்டார். படியிறங்கினார். முதல் திருப்பத்தில் சட்டென்று நின்று, உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"எடு."

"என்னது மேடம்?"

"டிக்கெட் இல்லாதவன் பாக்கெட் பக்கமே கையைக் கொண்டு போகமாட்டான். கள்ள டிக்கெட் வெச்சிருக்கறவன்தான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். நீ ஆறு தடவை தொட்டுட்டே."

ரேடியோ கைக்குட்டையை எடுத்தான். பச்சைக் கூடு அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அவர் கையில் வைக்கும்போது தன் அக்காவையே பிடித்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது. சின்ன வயசில் அவன் உடைத்த தட்டுக்கெல்லாம் அடி வாங்கினவள் அவள்.

"மேடம், அவ எறும்புக்குக்கூட மருந்து வைக்கமாட்டா. சர்க்கரை டப்பாவை மேல தூக்கி வெச்சுட்டு எறும்பை மன்னிச்சு விடற ஆளு."

"மனுஷனுக்கு வெச்சிருக்காளே."

"கேட்டா சொல்லிடுவா. நீங்க கேட்காதீங்க. நான் கேட்கறேன்."

"நீ கேட்டா அழுவே. வா."

*

கதவைத் திறந்த அக்கா, டிக்கெட்டம்மாவின் விரல் நுனியிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு மெஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சா?"

அப்படியானால் உண்மைதான். "அக்கா, நீயா? என்னத்தைப் போட்டே? சொல்லு. என்ன விஷம்?"

"விஷமா?" அவள் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "என்னடா பேசறே? அது மருந்துடா."

சொல்ல ஆரம்பித்ததும் மடை திறந்த மாதிரி வந்தது. கூட்டாளி செத்ததிலிருந்து புருஷன் நடைப்பிணமாகத் திரிந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், ரெண்டு மாசத்துக்கு முன்னால் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். தனக்குத் தலைவலி என்று பொய் சொல்லித்தான் அழைத்துப் போனாள். உள்ளே போனதும் டாக்டர் அவரிடம் பேசினார். மனச்சோர்வு என்றார். தினம் காலையில் ஒரு கேப்ஸ்யூல், சாப்பிட்டால் ஒரு மாசத்தில் தெளிவு வரும் என்றார்.

"வெளிய வந்ததும் சீட்டைக் கிழிக்கப் போனாரு. எனக்கென்ன பைத்தியமான்னாரு. கம்பெனிக்குத் தெரிஞ்சா கேபின்ல ஏத்தமாட்டான்னாரு. நான் பிடுங்கி வெச்சுக்கிட்டேன். கேப்ஸ்யூலை உடைச்சு அவரு டம்ளர்ல மட்டும் போட்டுக் கலக்குவேன். சர்க்கரை இல்லாத டீ கசக்கத்தானே செய்யும், அவருக்குத் தெரியல."

அத்தான் நம்பிய ஒரே பொருள் அந்த டீ. ஒரே கெட்டில், ஆனால் ரெண்டு டம்ளர்.

ரேடியோவுக்கு மூச்சு வந்தது. பழைய வாயும் திரும்பியது. "மேடம், கேஸ் முடிஞ்சுது. கொலைகாரி கைது, தண்டனை ரெண்டு டம்ளர் டீ. வியர்வைக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் குடுத்துடலாம்."

டிக்கெட்டம்மா சிரிக்கவில்லை. அவர் ஃப்ரிட்ஜ் மேலிருந்த பேட்டரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்த டாக்டர், வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டாரா?"

"கேட்டாருங்க. இல்லைன்னு இவரும் தலையாட்டினாரு, நானும் தலையாட்டினேன். அவருக்கு வேற ஒரு வியாதியும் கிடையாதே."

"ரேடியோ, உங்க அத்தானுக்குப் பல் கூசுதாமே. நேத்து நம்ம ஆபீஸ்ல என்ன பண்ணினார்?"

"தண்ணி குடிச்சாரு." அவன் நிறுத்தினான். "ஐஸைக் கடிச்சாரு."

"கடகடன்னு மென்னார். பல் கூசறவன் செய்யற வேலையா அது? அப்ப சர்க்கரையை ஏன் நிறுத்தினார்? நாய்க்குச் சாப்பாடு போட ஆரம்பிச்சு மூணு வாரம்தான் ஆச்சு. இடுப்பு முதல் தடவை இறங்கினது எட்டு மாசத்துக்கு முன்னால. அப்ப ஒழுங்காச் சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தார்?" டிக்கெட்டம்மா பேட்டரியை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். "டார்ச் வேலைக்குப் போயிருக்கு. பேட்டரி வீட்டுல இருக்கு. அப்ப டார்ச்சுக்குள்ள என்ன போயிருக்கு?"

மெஷினின் சக்கரம் அக்காவின் முழங்கை பட்டுக் கொஞ்சம் சுற்றி நின்றது.

"பெண்டாட்டி கண்ணுல படாம, கம்பெனி கண்ணுல படாம, ஒருத்தர் தினம் எடுத்துப் போற பொருள். உங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி இருக்கும்மா. மாத்திரை டார்ச்சுக்குள்ள இருக்கு. தெரிஞ்சா கம்பெனி ஏத்தாது. கூட்டாளி செத்த இடத்துக்கு நீங்களும் விடமாட்டீங்க."

டிக்கெட்டம்மா போனை எடுத்துத் தனக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரரைப் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். கேப்ஸ்யூலின் அட்டையை அக்கா பீரோவுக்குள் துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். பெயரைப் படிக்கச் சொன்னார்கள், படித்தாள்.

"அதுவும் சர்க்கரை மாத்திரையும் ஒண்ணாப் போகுதா? டாக்டருக்குத் தெரியுமா?" என்றது கடைக்காரரின் குரல்.

"தெரியாது. ஒவ்வொரு டாக்டருக்கும் ஒண்ணுதான் தெரியும்."

"சர்க்கரை மாத்திரைல பல ரகம் இருக்கும்மா. எல்லாம் இப்படிப் பண்ணாது. சில ரகம் இருக்கு, ரத்தத்துல சர்க்கரையைப் பிடிச்சு இறக்கும். அதோட இந்த மனசு மாத்திரை சேர்ந்தா, இன்னும் கீழ தள்ளிடும். டாக்டர் தெரிஞ்சு குடுத்தா அளவைக் குறைச்சு, அடிக்கடி ரத்தம் பார்த்துக் குடுப்பாரு. சேரவே கூடாதுன்னு இல்ல. தெரியாம சேரக் கூடாது."

"வியர்வை, கை உதறல், ரெண்டாத் தெரியறது?"

"சர்க்கரை இறங்குது. அடுத்தது பேச்சுக் குழறும், சம்பந்தமில்லாமப் பேசுவாரு. குடிச்சவர் மாதிரி இருக்கும். அப்புறம் மயக்கம், வலிப்பு. வேளைக்குச் சாப்பிடறாரா?"

"மூணு வாரமா காலைல பட்டினி."

"ஆளு எங்க இருக்காரு?"

"பதினாறு மாடிக்கு மேல" என்றான் ரேடியோ.

"நேத்தே எனக்கு அது இடிச்சுது" என்றார் டிக்கெட்டம்மா, கைப்பையைத் தூக்கிக்கொண்டே. "சாப்பிடாத நாள்ல அதிகமாகற விஷம் உலகத்துல ஏது? டப்பாவுல ஒண்ணுமே இல்ல. டப்பாவைத் தூக்கிப் போட்டதுதான் அவரைச் சாப்பிட்டுக்கிட்டிருக்கு. லீவு நாள்ல வேளைக்குச் சாப்பிடறார், அதனால வரல. மணி என்ன?"

சுவர்க்கடிகாரம் பத்து நாற்பது காட்டியது.

*

மேலே போகிறவர்கள் போனைக் கீழே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கட்டட அலுவலகத்து எண்ணை அக்கா திரும்பத் திரும்பப் போட்டாள், எடுக்க ஆளில்லை. டிக்கெட்டம்மாவின் கார் மூன்று தெருவையும் ஒரு பாலத்தையும் தாண்டியது. ரேடியோ ஓட்டினான். பின்சீட்டில் அக்கா கதவின் பிடியைப் பிடித்தபடி ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "நான்தான் குடுத்தேன். என் கையாலதான் குடுத்தேன்."

கட்டடத்தின் கேட்டுக்கு எதிரே ஒரு கடை. "நிறுத்து. ஆரஞ்சு ஜூஸ், சர்க்கரை போட்டது. மூடி உடைக்காத பாட்டிலா வாங்கு" என்றார் டிக்கெட்டம்மா.

"மூடி எதுக்கு மேடம்?"

"விஷத்துக்குப் பயந்தவர் திறந்த பாட்டிலைத் தொடுவாரா?"

உள்ளே போனதும் தெரிந்துவிட்டது. வேலையாட்கள் எல்லாரும் வேலி ஓரமாக ஒதுங்கி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வானத்தின் நடுவில் ஒரு கட்டுக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அது மெல்ல இடது பக்கம் போனது. நின்றது. மறுபடி வலது பக்கம் வந்தது. எங்கே இறங்குவது என்று அதற்கே தெரியாத மாதிரி.

கீழே மஞ்சள் சட்டையில் ஒருவர் வாக்கி-டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார். இப்போது சைகை காட்டுகிறவர் அவர்தான். "அண்ணே, லீவரை விட்டுடுங்கண்ணே. கையை எடுங்க. எடுத்தா தானா நின்னுடும்."

வாக்கி-டாக்கி கரகரத்தது. அத்தானின் குரல், நாக்கு தடித்த மாதிரி. "நகருன்னு சொல்றேன்ல. ஏன் அங்கயே நிக்கறே? நீ நகந்தாத்தானே நான் இறக்க முடியும்."

"யாரை நகரச் சொல்றாரு? கீழ யாருமே இல்லையே" என்றான் ரேடியோ.

மஞ்சள் சட்டைக்காரர் திரும்பினார். "அஞ்சு நிமிஷமா இதேதாங்க. அவரு பேர் சொல்லித்தான் கூப்பிடறாரு. என் பேரில்ல. செத்துப்போனவரு பேரு."

அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஏணியில யார் போறது?" என்றார் டிக்கெட்டம்மா.

"நான் போயிடுவேங்க. ஆனா இந்த இடத்தை விட்டு நான் நகரக் கூடாது. ஆளுங்களை யாரு தடுக்கறது? வேற யாராவது போனாலும் அவரு கதவைத் திறக்கணுமே. காலைலருந்து யாரையும் கிட்டவே விடல."

டிக்கெட்டம்மா திரும்பினார். ரேடியோவுக்கு அந்தப் பார்வை புரிந்துவிட்டது.

"மேடம், நான் பல்பு மாத்தவே ஸ்டூல் மேல ஏறமாட்டேன். அக்காகிட்ட கேளுங்க."

"அவர் பயந்தபோது யாரோட கதவைத் தட்டினார்?"

மஞ்சள் சட்டைக்காரர் ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்து அவன் இடுப்பில் மாட்டினார், கொக்கியை எப்படி மாற்றி மாற்றிப் போடுவது என்று இரண்டு தடவை காட்டினார். ரேடியோ பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

முதல் மாடி உயரம் வரை அவன் படிகளை எண்ணினான். அதற்கப்புறம் எண்ணவில்லை, பேசினான். யாருமில்லாத கம்பிக்கூண்டுக்குள் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஏறினான். "கீழ பார்க்காதே. பார்த்தா என்ன, கீழ உன் செருப்பு இருக்கும். விழுந்தா முதல்ல அது விழும். ஒரு கை. இன்னொரு கை. கொக்கி. உனக்கு ரெண்டு கைதான், மூணாவது கையைத் தேடாதே." காற்றில் கம்பிக்கூண்டு லேசாக ஆடியது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பலகை. ஒவ்வொரு பலகையிலும் இறங்கிவிடலாம் என்று ஓர் எண்ணம். மேலே அந்த நாக்குத் தடித்த குரல் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் ஏறினான். அது நின்றால்தான் பயம்.

நடுவில் ஒரு தடவை நின்றது.

அவன் எப்படி மிச்சத்தை ஏறினான் என்று பிற்பாடு கேட்டபோது அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

கேபின் கதவைத் தட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான். சட்டை தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சுண்ணாம்பு. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. வலது கை லீவரின் மேல் உதறிக்கொண்டிருந்தது. காலடியில் அந்த டார்ச்.

"அத்தான். நான்தான். ரேடியோ."

ரொம்ப நேரம் கழித்து அந்தக் கண் அவன் பக்கம் வந்தது. கதவின் தாழ் விலகியது.

"உங்கக்கா குடுத்தனுப்பினாளா?" பாட்டிலைப் பார்த்துத்தான் கேட்டார். மரணத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டும் மனுஷன் அதை மறக்கவில்லை.

"கடையில வாங்கினது. மூடியைப் பாருங்க." ரேடியோ அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திருகினான். சீல் உடைகிற சத்தம் கேட்டது. ஒரு வாய் தான் குடித்தான். "பார்த்தீங்களா? பத்து வரை எண்ணறேன். நான் செத்துட்டா நீங்க குடிக்க வேணாம். ஒண்ணு, ரெண்டு..."

ஆறாவது எண்ணிக்கையில் அத்தானின் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். "பதினாறு மாடி ஏறி வந்ததுக்கே நீ செத்திருக்கணும்" என்றார் குழறலாக.

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். குடிங்க."

லீவரிலிருந்து அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தான். கீழே தொங்கிய கம்பிக்கட்டு ஆடி ஆடி நின்றது. பாட்டிலை அவர் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டான். பாதி சட்டையில் கொட்டியது. பாதி உள்ளே போனது.

பத்து நிமிடம். ரேடியோவுக்கு அது பத்து வருஷம். முதலில் உதறல் அடங்கியது. பிறகு அத்தான் கண்ணாடி வழியே கீழே பார்த்தார். வேலியோரம் எறும்பு மாதிரி ஆட்கள். நடுவில் வெறும் தரை.

"அவன் கீழ நின்னான்டா. நான் பார்த்தேன்."

"இல்ல அத்தான். யாரும் இல்ல."

"இல்லையா." பிறகு வாக்கி-டாக்கியை எடுத்தார். இப்போது குரல் தெளிவாக இருந்தது. "தம்பி, இறக்கறேன். கையைக் காட்டு."

ரேடியோ அவர் கையைப் பிடித்தான். "அத்தான், வேணாம். வேற யாராவது..."

"வேற யாரும் இல்லைன்னுதானே நான் வந்தேன்."

கம்பிக்கட்டு தரையைத் தொட்டபோது சத்தமே வரவில்லை. பூ வைத்த மாதிரி.

அதற்கப்புறம்தான் ரேடியோ குனிந்து டார்ச்சை எடுத்தான். பின்பக்க மூடியைத் திருகினான். உருட்டி வைத்த ஒரு மாத்திரை அட்டை அவன் உள்ளங்கையில் விழுந்தது. அத்தான் அதைத் தடுக்கவில்லை.

"மேடம் கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"அதை மட்டுமில்ல. கீழ வாங்க. அக்கா ஒண்ணு சொல்லணுமாம்."

*

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ஜூஸ் கொடுத்த தெம்பு ரொம்ப நேரம் நிற்காது, மாத்திரை உள்ளே இருக்கிற வரைக்கும் சர்க்கரை மறுபடி இறங்கப் பார்க்கும், அந்தக் கேப்ஸ்யூலும் நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்காகும் என்றார் டாக்டர். ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும். கையில் ஊசி வழியே குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கிட்டே வரவில்லை. அத்தானும் அவளைக் கூப்பிடவில்லை. ரெண்டு பேருக்கும் இப்போது எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதுதான் பாக்கி.

"இனிமே மேல ஏத்தமாட்டானுங்க" என்றார் அத்தான் சுவரிடம்.

"ஏத்த வேணாம்" என்றாள் அக்கா, அதே சுவரிடம்.

ரேடியோ கதவோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டிக்கெட்டம்மா. வெளியே வண்டிகளின் சத்தம்.

நர்ஸ் ஒரு தாளும் பேனாவுமாக வந்தார். பெயர், வயது கேட்டு எழுதினார். தலை நிமிராமல் அடுத்த கேள்வியைக் கேட்டார், ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்கிற கேள்வி.

"வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?"



"சர்க்கரைக்கு" என்றார் அத்தான். "எட்டு மாசமா. வீட்டுக்குத் தெரியாம."

நர்ஸ் எழுதினார். "அவ்வளவுதானா?"

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மனச்சோர்வுக்கு ஒரு கேப்ஸ்யூல். ரெண்டு மாசமா. அவருக்குத் தெரியாம."

நர்ஸின் பேனா நின்றது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே தாளில், இரண்டையும் எழுதினார்.

அத்தான் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஊசி ஏறாத கையைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி, ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டார். அக்கா கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள்.

"அந்த டீ" என்றார் அவர். "ரெண்டு மாசமா ரொம்பக் கசந்துச்சு."

"தெரிஞ்சே குடிச்சீங்களா?"

"நீயும் அதைத்தானே குடிக்கிறேன்னு நினைச்சேன்."

அக்கா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். அங்கே வியர்வை இல்லை, இருந்தாலும் துடைத்தாள்.

கதவோரத்தில் ரேடியோவின் முழங்கால்கள் தடதடவென்று ஆட ஆரம்பித்தன. கையால் அழுத்திப் பார்த்தான், நிற்கவில்லை.

"என்னடா ஆச்சு?" என்றார் டிக்கெட்டம்மா.

"ஒண்ணுமில்ல மேடம். பதினாறு மாடியும் இப்பத்தான் ஏறுது."